கைமாறி வந்த பானங்கள்

கியூபா தீவின் தென்கிழக்குக் கடற்கரையில், ஸாண்டியாகோ நகரத்துக்குக் கிழக்கே, டாய்கிரி என்னும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பிரதேசத்தின் இரும்புச் சுரங்கங்களில் வேலை பார்த்துவந்த அமெரிக்க எஞ்சினியர் ஜென்னிங்ஸ் காக்ஸ் என்பவர் தம் கைப்பட எழுதி வைத்ததாகச் சொல்லப்படும் ஒரு சீட்டு, இன்றைக்கும் மயாமி சர்வகலாசாலையின் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆறு பேருக்கு ஒரு பானம் கலக்கும் முறை அதிலே எழுதியிருக்கிறது. ஆறு எலுமிச்சம்பழங்களின் சாறு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, ஆறு கிண்ணம் வெள்ளை ரம், இரண்டு சிறு கிண்ணம் மினரல் தண்ணீர், நொறுக்கிய பனிக்கட்டி தாராளமாக. எல்லாவற்றையும் ஒன்றாக இட்டு நன்றாகக் குலுக்க வேண்டும்.

சீட்டு சிறியதுதான். ஆனால் அதில் எண்ணிக்கை இருக்கிறது, எத்தனை பேருக்கு என்ற கணக்கு இருக்கிறது, எதைச் செய்ய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. லூசியஸ் ஜான்ஸன் என்ற கடற்படை மருத்துவர் காக்ஸின் மூலமாக இந்தப் பானத்தை அறிந்து, 1909-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்து ராணுவ கடற்படைச் சங்கத்தில் அதை அறிமுகப்படுத்தினார் என்பது வரலாறு. சுரங்கத் தொழிலாளர்களின் ஊர்ப்பெயரான டாய்கிரியே பானத்தின் பெயராகி, உலகத்தின் மதுபானச் சாலைகள்தோறும் வழங்கலாயிற்று. தயிர் ஷேக்கிலிருந்து காக்டெய்ல் வரையில், பலவகைப் பதார்த்தங்களை ஒரே பாத்திரத்தில் இட்டு அடித்துக் கலந்து பருகும் பானங்கள் எல்லாம் இவ்விதமே, அளவோடு எழுதப்பெற்று, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சென்று பிழைத்திருக்கின்றன என்பதும், கொடுக்காமல் ஒளித்து வைக்கப்பட்டவை திரிந்து உருமாறிப் போயின என்பதும் என் திடமான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரமான சில சரித்திரங்களை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பானங்களை அடித்துத் தரும் மின்சார யந்திரம் பிறந்தது அமெரிக்காவின் விஸ்கான்ஸின் ராஜ்யத்திலே, மிச்சிகன் ஏரிக் கரையிலுள்ள ரஸீன் என்ற ஊரில். இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஹார்லிக் சகோதரர்கள் 1873-இல் சிக்காகோவில் கம்பெனி தொடங்கி, பிறகு ரஸீனுக்கு மாறி, 1883-இல் மால்ட் சேர்ந்த பால்மாவுக்குக் காப்புரிமை பெற்றார்கள்; நம் வீட்டு அலமாரிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஹார்லிக்ஸ் அதுதான். அந்த மாவைக் கட்டி தட்டாமல் பாலில் கரைத்து நுரை பொங்கக் கொடுப்பதற்கு ஒரு சாதனம் வேண்டியிருந்தது. 1910-இல் அதே ஊரில் ஏற்பட்ட ஹாமில்டன் பீச் கம்பெனி, மேலிருந்து ஒரு தண்டு இறங்கிச் சுழலும்படியான கலக்கியைச் செய்தது. 1922-ஆம் ஆண்டிலே ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர், சுழலும் கத்தியைப் பாத்திரத்தின் அடியிலேயே பொருத்தலாம் என்று கண்டார். இன்று நம் சமையலறையில் இருக்கும் ஜார் ஒவ்வொன்றும் அந்த ஒரு யோசனையின் சந்ததி. அதே 1922-இல் சிக்காகோ நகரத்து வால்கிரீன் மருந்துக் கடையில், ஐவர் கூல்ஸன் என்ற பணியாளர் மால்ட் பாலிலே ஐஸ்கிரீமை இட்டுக் கலக்க, இன்றைய கெட்டியான மில்க் ஷேக் ஜனங்களுக்குப் பழக்கமாயிற்று.

அந்த வருஷங்களை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1920 முதல் 1933 வரையில் அமெரிக்க தேசம் முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்தது. மது கிடைக்காத ஊரில் பால் பானக் கடைகள் செழித்தன. மது வேண்டியவர்களோ கப்பலேறி, புளோரிடாவின் தென்கோடிக்கு 90 மைல் அப்பாலிருந்த கியூபாவுக்குப் போனார்கள். இந்த ஒரே சட்டம் வடக்கே மில்க் ஷேக்கையும் தெற்கே டாய்கிரியையும் ஏககாலத்தில் வளர்த்தது. பின்னால் இரண்டும் ஒரே யந்திரத்தில் வந்து சேர்ந்தன.

சேர்த்து வைத்தவர் ஒரு சங்கீதக்காரர். ஃப்ரெட் வேரிங், பென்ஸில்வேனியன்ஸ் என்ற புகழ்பெற்ற இசைக்குழுவின் தலைவர். ஹாமில்டன் பீச் கம்பெனியை ஸ்தாபித்த ஃப்ரெடரிக் ஓஸியஸ் 1936-இல் ஒரு மாதிரி யந்திரத்தோடு வந்து அவரிடம் பண உதவி கேட்டார். வேரிங் பணமும் கொடுத்து, குறைகளைத் தீர்ப்பதற்கு ஆட்களும் அமர்த்தி, 1937-இல் சிக்காகோவில் நடந்த உணவு விடுதிக்காரர்களின் கண்காட்சியில் 29 டாலர் 75 சென்ட் விலையில் அதை வைத்தார். கச்சேரிக்குப் போகுமிடமெல்லாம் யந்திரத்தையும் கொண்டுபோய், அதில் என்னென்ன கலக்கலாம் என்று செய்து காட்டினார். 1954-க்குள் பத்து லட்சம் யந்திரங்கள் விற்றன. போலியோ தடுப்பு மருந்துக்கான ஆராய்ச்சியில் ஜோனாஸ் ஸால்க் இதே யந்திரத்தைப் பிரயோகித்தார் என்பதையும் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

இப்போது ஹவானாவுக்கு வருவோம். இந்தக் கதையின் சாரம் அங்கேதான் இருக்கிறது. ஸ்பெயின் தேசத்துக் காடலோனியாவிலிருந்து குடியேறிய கான்ஸ்டாண்டினோ ரிபலைகுவா, புளோரிடீட்டா என்று ஜனங்கள் செல்லமாக அழைத்த மதுச்சாலையில் பணியாளராகச் சேர்ந்து, பிற்பாடு அதன் உடைமையாளரும் ஆனார். காக்ஸின் பானத்தை அவர் எடுத்துக்கொண்டு, எலுமிச்சையின் அளவையும் சர்க்கரையின் அளவையும் ஒரு துளி, அரைத் துளி என்று மாற்றி மாற்றிப் பார்த்து, மின்சாரக் கலக்கி வந்ததும் பனிக்கட்டியைத் தூளாக்கி அதிலேயே இட்டு அடித்து, பனிக்கூழ் போன்ற பதத்துக்குக் கொண்டுவந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்ட பல டாய்கிரிகள் அவரிடம் இருந்தன. எர்னஸ்ட் ஹெமிங்வே அங்கே நித்திய வாடிக்கைக்காரராகி, சர்க்கரை இல்லாமல், ரம் இரட்டிப்பாக ஒன்றைக் கேட்டு வாங்கியது உலகப் பிரசித்தம். என் மனத்தை ஹெமிங்வேயைவிட அதிகமாகக் கவர்வது வேறொன்று. அந்தச் சாலை தன் செய்முறைகளைச் சிறு புத்தகங்களாக அச்சிட்டது. 1930-களில் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் ஸ்பானிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் அளவுகள் அச்சாகியிருக்கின்றன. ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 முதல் 20 மில்லி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, மராஸ்கினோ என்னும் செர்ரி மது ஒரு தேக்கரண்டி, தூளாக்கிய பனிக்கட்டி: இன்றைக்கும் லண்டனிலோ சிங்கப்பூரிலோ ஒரு தேர்ந்த கலவைக்காரர் ஏறக்குறைய இதே கணக்கில்தான் உறைந்த டாய்கிரியைச் செய்கிறார். ரிபலைகுவா 1952-இல் காலமானார். அவருடைய அளவுகள் காலமாகவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஹாலிவுட்டிலே கிடைக்கிறது. டான் பீச் என்று தம் பெயரை மாற்றிக்கொண்ட எர்னஸ்ட் காண்ட், மதுவிலக்கு நீங்கிய சமயத்தில் அங்கே தென்கடல் தீவுகளின் பாணியில் ஒரு சாலை திறந்தார். மூவகை ரம்மும், பழச்சாறுகளும், வாசனைத் திரவியங்களும் சேர்த்து, நொறுக்கிய பனிக்கட்டியோடு மின்சாரக் கலக்கியில் ஐந்தே விநாடி அடித்து, 1934-இல் அவர் ஆக்கிய ஸாம்பி என்ற பானம், ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்று நிபந்தனை விதிக்கும் அளவுக்கு வீரியம் உடையது. தம்மிடம் வேலை செய்பவர்கள் முறையைக் கற்றுக்கொண்டு போட்டிக் கடைகளுக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சத்தினால், அவர் சீசாக்களின் மேல் பெயருக்குப் பதிலாக எண்களையும் எழுத்துக்களையும் ஒட்டினார். கலக்குகிறவனுக்கே தான் எதைக் கலக்குகிறோம் என்பது தெரியாது. பிழைப்பைக் காத்துக்கொள்ள நினைத்த மனிதரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் விளைவு என்ன? 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியிலும், அதற்குப் பிறகு அமெரிக்காவின் ஊர்தோறும், ஸாம்பி என்ற பெயரில் அவரவர் ஊகத்துக்குத் தோன்றியதெல்லாம் விற்பனையாயிற்று. பெயர் வாழ்ந்தது, பானம் மறைந்தது. ஜெஃப் பெர்ரி என்ற ஆராய்ச்சியாளர், பழைய பணியாளர் ஒருவர் தம் சட்டைப்பையில் வைத்திருந்த குறிப்பேட்டைத் தேடிக் கண்டுபிடித்து, பத்தாண்டுக்கும் மேலாக முயன்று, சங்கேதத்துக்குள் சங்கேதமாக இருந்ததை அவிழ்த்து, 2007-இல் வெளியிட்ட பிறகே அது திரும்பவும் கிடைத்தது. அத்தனை காலம் மர்மமாக இருந்த 'டானின் கலவை' என்பது, சாத்துக்குடியின் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் சாறு இரண்டு பங்கும் இலவங்கப்பட்டைப் பாகு ஒரு பங்கும், அவ்வளவே.

மூன்றாவது மனிதர் டல்லஸ் நகரத்து மரியானோ மார்ட்டினெஸ். 1971-இல் அவர் ஒரு மெக்ஸிக உணவு விடுதி தொடங்கினார். தகப்பனாரிடமிருந்து வந்த முறைப்படி டெகீலாவும் எலுமிச்சையும் சேர்ந்த மார்கரீட்டாவைப் பனிக்கட்டியோடு அடித்துக் கொடுத்தபோது, கூட்டம் மிகுந்து, பணியாளர்கள் அளவு தவறி, ஒரு கோப்பையைப் போல் மற்றொரு கோப்பை இராமற் போயிற்று. கடையொன்றில் பனிக்கூழ்ப் பானம் பிழியும் யந்திரத்தைக் கண்ட அவர், பழைய ஐஸ்கிரீம் யந்திரத்தைத் திருத்தி அமைத்து, மே மாதம் 11-ஆம் தேதி மார்கரீட்டாவை அதிலே ஓட்டினார். இந்த ஏற்பாட்டுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை; அதனால் அமெரிக்கா முழுவதும் அது தடையின்றிப் பரவியது. அந்த முதல் யந்திரம் 2005 முதல் ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

மார்ட்டினெஸ் யந்திரத்தைவிட அதிகமாகப் போராடியது விகிதத்தோடு. எரிசாராயம் எளிதில் உறைவதில்லை. வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில், அதாவது -18 டிகிரியில், ரம் திரவமாகவே இருக்கும். ஆகவே மது மிகுந்தால் கூழ் பிடிக்காது. குறைந்தால் கல்லாக இறுகும். சர்க்கரையும் உறைதலைத் தாமதப்படுத்தும். மேலும், குளிர்ச்சி மிகுந்த பண்டத்தில் தித்திப்பை நாக்கு முழுமையாக உணர்வதில்லை. சாதாரண உஷ்ணத்தில் சரியாகத் தித்திக்கும் கலவை, உறைந்த பிறகு சப்பென்றிருக்கும். 'ருசிக்கேற்ற சர்க்கரை' என்று எழுதுவது இந்தப் பானங்களின் விஷயத்தில் வாசகரை ஏமாற்றுவதாகும், ஏனெனில் ருசி பார்க்கும் சமயத்தில் இருக்கும் குளிர் வேறு, பருகும் சமயத்தில் இருக்கும் குளிர் வேறு. இன்னொன்றையும் சிரத்தையோடு சொல்ல வேண்டியிருக்கிறது: அதே குளிர்ச்சியும் தித்திப்பும் மதுவின் காரத்தையும் மறைத்துவிடுகின்றன, பருகுகிறவர் எவ்வளவு உட்கொண்டோம் என்பதை அறியாமற் போகிறார். மதுவுள்ள செய்முறையில் ஒரு கோப்பைக்கு எத்தனை மில்லி என்று எழுதாமல் விடுவது அபாயகரமான அலட்சியம்.

மதுவே வேண்டாதவர்களுக்கும் இந்தச் சரித்திரம் உபயோகப்படும். போர்ட்டோ ரீக்கோவின் ஸான் ஹுவான் நகரத்தில், காரிபே ஹில்டன் ஹோட்டலைச் சேர்ந்த ரமோன் மர்ரேரோ 1954-இல் ஆக்கியதாகச் சொல்லப்படும் பீன்யா கொலாடாவைப் பாருங்கள். அதே நகரத்தின் வேறொரு விடுதியும் அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாடுகிறது. ஹோட்டலார் தரும் கணக்கு இது: ரம் 60 மில்லி, தித்திப்பான தேங்காய்க் கிரீம் 30, பாலாடைக் கிரீம் 30, அன்னாசிச் சாறு 180, நொறுக்கிய பனிக்கட்டி அரைக் கோப்பை. ரம்மை நீக்கிவிட்டாலும் பானம் பானமாகவே நிற்கும். ஆனால் இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. பச்சை அன்னாசியில் புரோமெலின் என்ற நொதி உண்டு. அது பாலின் புரதத்தைச் சிதைத்து, சிறிது நேரத்திலேயே கசப்பை உண்டாக்கிவிடும். டப்பாவில் அடைத்த சாறு சூடாக்கப்பட்டதாகையால் அந்த நொதி செயலற்றுப் போயிருக்கும். நம் வீடுகளில் அன்னாசி மில்க் ஷேக் கசந்துவிட்டது என்று எத்தனை பேர் பாலைக் குறை சொல்லிக் கொட்டியிருக்கிறார்கள்! பழத்துண்டுகளைச் சர்க்கரையோடு ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்துப் பாலில் சேர்த்தால் கசக்காது. பப்பாளிக்கும் கிவிப் பழத்துக்கும் இதே குணம் உண்டு. பச்சையாகவே போட வேண்டுமென்றால், அடித்தவுடனே பருகிவிட வேண்டும்.

தயிரின் கதை வேறு. பஞ்சாபிலே மரத்தாலான மதானியால் தயிரைக் கடைந்து லஸ்ஸி செய்கிறார்கள். அந்தக் கை வேகத்தில் தயிரின் கெட்டித்தன்மை ஓரளவு எஞ்சியிருக்கும். தயிர் என்பது பாலின் புரதம் வலைபோல் பின்னி நீரைத் தாங்கி நிற்கும் நிலை. மின்சாரக் கத்தி அந்த வலையை ஒரு நிமிஷத்தில் அறுத்து எறிந்துவிடுகிறது, அறுந்தது மறுபடி கூடாது, லஸ்ஸி நீர்மோராகிவிடும். இன்னும் அடித்தால் வெண்ணெயும் திரளும். ஆகையால் இரண்டு பெரிய டம்ளருக்கு, குளிர்ந்த பால் 60 மில்லி, சர்க்கரை 40 கிராம், ஏலப்பொடி ஒரு சிட்டிகை, முன்பே நொறுக்கிய பனிக்கட்டி ஒரு கைப்பிடி ஆகியவற்றை முதலில் அடித்துக்கொண்டு, புளிக்காத கெட்டித் தயிர் 300 கிராமைக் கடைசியில் சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு மூன்றே முறை ஓட்டினால் போதும். மாம்பழ லஸ்ஸிக்கு 200 கிராம் பழக்கூழைப் பாலோடு முதலிலேயே இட்டு, சர்க்கரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். புளிப்புப் பழங்கள் பாலைத் திரித்துவிடும். தயிர் முன்பே புளிப்பால் உறைந்ததாகையால், அதில் அவற்றை அச்சமின்றிச் சேர்க்கலாம். ஷேக் செய்வதற்குப் பாலைவிடத் தயிர் உசிதமானது என்று நான் கருதுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வாழைப்பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டிய வாழைப்பழத்தைக் கறுக்கச் செய்யும் நொதி, கூடச் சேர்ந்த பழங்களின் சத்தையும் தாக்குகிறது. 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வாழைப்பழம் சேர்ந்த பானத்தைப் பருகியவர்களின் உடலில் ஃபிளவனால் என்ற சத்து 84 சதவீதம் குறைவாகவே சேர்ந்தது என்று கண்டார்கள். திராட்சையையோ கோகோவையோ அந்தச் சத்துக்காகவே பருகுகிறவர்கள் வாழைப்பழத்தைத் தனியே உண்பது நல்லது. ருசிக்காகப் பருகுகிறவர்களுக்கு வாழைப்பழத்துக்கு நிகராக வேறொன்றில்லை. கோழிக்கோட்டுக் கடைகளில் பிறந்த ஷார்ஜா ஷேக்கே சாட்சி. பாலைப் பாறையாக உறையவைத்து, உடைத்து, சிறிய பூவன் பழத்தோடும் சர்க்கரையோடும் ஹார்லிக்ஸோ பூஸ்டோ சேர்த்து அடிக்கிறார்கள். பனிக்கட்டிக்குப் பதிலாக உறைந்த பால் என்பதால், உருகினாலும் அது நீர்த்துப்போவதில்லை. ரஸீனில் பிறந்த மால்ட் மாவு, ரஸீனில் பிறந்த கத்தியின் வழித்தோன்றலிலே, மலபார்க் கரையில் வந்து கலக்கிறது.

நம் நாட்டு மிக்ஸிக்கும் ஒரு கதை உண்டு. எஸ்.பி. மாதுர் என்ற எஞ்சினியரின் வீட்டிலிருந்த ஜெர்மனி தேசத்து யந்திரம் நம் அரைப்பின் பாரம் தாங்காமல் பழுதாகிவிடவே, 1963-இல் அவர் சுமீத் மிக்ஸியைச் செய்தார். தமிழ்நாட்டில் 2011 முதல் அரசாங்கமே விலையில்லாமல் மிக்ஸி வழங்கியதால், குடிசை வீடுகளிலும் அது இருக்கிறது. சட்னிக்கும் மசாலாவுக்கும் அது உழைக்கிறது. ஷேக்குக்கு அது அரைகுறையாகவே பயன்படுகிறது என்றால், காரணம் யந்திரத்தில் இல்லை. கருவி வீடுதோறும் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கான அளவு வந்து சேரவில்லை. 'கொஞ்சம் பால் விடுங்கள், தேவையான பழம் போடுங்கள்' என்று கைப்பக்குவத்தின் பெயரால் நாம் சொல்லிக் கொடுப்பது, கற்றுக்கொள்கிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கண்ணளவிலேயே பிசகாமல் செய்யும் பாட்டிமாரின் திறமையை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்கும் பேத்திகள் இன்று வேறு ஊர்களில் அல்லவா இருக்கிறார்கள்?

ஆகவே வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் விரும்பும் ஒரு பானம் இருந்தால், அடுத்த தடவை செய்யும்போது ஒரு சமையல் தராசையும் அளவுக் குவளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை டம்ளருக்கு என்று முதல் வரியில் எழுதுங்கள். திரவம் எத்தனை மில்லி, பழம் தோல் நீக்கியபின் எத்தனை கிராம், அடியில் எதை இட்டீர்கள், மேலே எதை இட்டீர்கள், எத்தனை விநாடி ஓட்டினீர்கள் என்று எழுதுங்கள். கத்தி சுழலுவதற்குத் திரவம் அடியிலும், மென்மையான பழம் நடுவிலும், பனிக்கட்டி மேலேயும் இருக்க வேண்டும் என்பதையும், சூடான எதையும் மூடிய ஜாரில் அடிக்கக் கூடாது என்பதையும் மறவாமல் சேருங்கள். யாரிடமிருந்து கற்றீர்களோ அவர் பெயரையும் அடியில் எழுதி, கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுங்கள்.